‘காசு யார் கொடுத்தது?’: அமெரிக்க விடுதலைப் போரை நான் படித்த விதம்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கு வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதத் தயாரானேன். உலக வரலாற்றில் நான் அதிக நாள் செலவிட்டதும் குறைந்த மதிப்பெண் வாங்கியதும் அமெரிக்கப் புரட்சியில்தான். சர்க்கரைச் சட்டம் 1764, முத்திரைத்தாள் சட்டம் 1765, டவுன்ஷெண்ட் சட்டங்கள் 1767, தேயிலைச் சட்டம் 1773 என்று அட்டையில் எழுதி, சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்திருந்தேன். மாதிரித் தேர்வு ஒன்றில் ‘குடியேற்றங்கள் போரில் வென்றது எப்படி?’ என்று கேட்டார்கள். நான்கு பக்கம் எழுதினேன். அதில் மூன்றரைப் பக்கம் சட்டங்கள். எட்டாண்டுப் போர் கடைசி அரைப் பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. திருத்தியவர் ஓரத்தில் ‘கேள்விக்குப் பதில் எங்கே?’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

அன்று மாலை, நூலகத்தில் எங்களோடு படித்துவந்த அக்காவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடைக் கணக்கு முழுவதும் அக்கா பொறுப்பு. பொறுமையாகப் படித்துவிட்டு, “தம்பி, எட்டு வருஷம் சண்டை நடந்திருக்கு. சோறு, துணி, துப்பாக்கி, சம்பளம், இதுக்கெல்லாம் காசு யார் கொடுத்தது? அதப்பத்தி ஒரு வரிகூட இல்லையே?” என்றார்.

“அதுக்கெல்லாம் மார்க் வருமாக்கா?”

“அது தெரியாம நீ எழுதுற மத்தது எதுவும் நிக்காதுடா.”

அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு 1763இலிருந்து 1783வரை மறுபடி படித்தேன். அதுவரை தனித்தனியாகக் கிடந்த ஆண்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. இதே பாடத்தில் திணறுகிறவர்களுக்கு உதவுமென்று அதை எழுதுகிறேன்.

1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டன் வென்றிருந்தது. ஆனால் அரசின் கடன், போருக்கு முன்பிருந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. புதிதாகக் கிடைத்த நிலப்பரப்பைக் காக்க அமெரிக்காவில் சுமார் 10,000 வீரர்களை நிறுத்த முடிவு செய்தார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கைக் குடியேறிகள் தரட்டும் என்றது லண்டன். லண்டனில் இருந்து பார்த்தால் இது நியாயமாகவே தோன்றும். விடையில் அதையும் சொல்லுங்கள். குடியேறிகளோ அதுவரை தங்கள் மாகாணச் சட்டமன்றம் விதித்த வரிகளையே உள்ளூரில் கட்டிவந்தவர்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

முத்திரைத்தாள் சட்டம் யாரைத் தொட்டது என்று பாருங்கள். வழக்கு ஆவணம், செய்தித்தாள், துண்டு வெளியீடு, சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் வரி. அடி விழுந்தது வழக்கறிஞர்கள், அச்சகத்தார், வணிகர்கள்மீது. ஊரில் பேசவும் எழுதவும் தெரிந்த அத்தனை பேரையும் ஒரே சட்டத்தால் லண்டன் பகைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் சரக்குகளை வாங்க மறுத்தார்கள். வியாபாரம் படுத்ததும் லண்டன் வணிகர்களே சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். 1766இல் சட்டம் போயிற்று. அதே நேரத்தில், குடியேற்றங்களுக்காக எந்தச் சட்டத்தையும் இயற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நாடாளுமன்றம் ஒரு பிரகடனச் சட்டத்தையும் (Declaratory Act) நிறைவேற்றிக்கொண்டது. என் பழைய அட்டையில் இது இடம்பெறவே இல்லை. வரியை விட்டுக்கொடுத்து, வரி போடும் உரிமையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்பது புரியாவிட்டால் அடுத்த பத்தாண்டு புரியாது.

தேயிலையில் தேர்வர்கள் வழக்கமாகச் சறுக்குகிறோம். ‘தேயிலை விலை ஏறியதால் மக்கள் கொதித்தார்கள்’ என்று நானும் எழுதியிருக்கிறேன், அது தவறு. 1773ஆம் ஆண்டுச் சட்டம் தேயிலையை மலிவாக்கியது. கடனில் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பெனி, இடையில் இருந்த வணிகர்களை விலக்கிவிட்டு நேரடியாக விற்க அனுமதி பெற்றது. 1767 டவுன்ஷெண்ட் சட்டத்தில் வந்த பழைய வரி, ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ், அப்படியே நின்றது. மலிவு விலைக்கு ஆசைப்பட்டு வாங்கினால் அந்த வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலையைக் குடியேறிகள் கடலில் கொட்டினார்கள். அது இந்தியத் தேயிலை அல்ல, கம்பெனி சீனாவில் வாங்கிய சரக்கு. ‘அமெரிக்கப் புரட்சி வணிகவாதத்துக்கு எதிரான பொருளாதாரக் கிளர்ச்சி’ என்ற கூற்றை நிறுவச் சொல்லி 2013இல் பொது அறிவு முதல் தாளில் கேட்டிருந்தார்கள். அதற்கு விடை எழுதும்போதும் இந்த மலிவுத் தேயிலையை விடாதீர்கள். பொருளாதாரம் எங்கே முடிந்து உரிமை எங்கே தொடங்கியது என்று ஒரே எடுத்துக்காட்டில் காட்டிவிடலாம்.

1774இல் பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடியது, பிலடெல்பியாவில் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் மாநாடு கூடியது, 1775 ஏப்ரல் 19இல் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் துப்பாக்கி வெடித்தது. இந்தப் பகுதி எல்லா நூல்களிலும் தெளிவாக இருப்பதால் இங்கே நிற்கவில்லை.

அக்காவின் கேள்வி உண்மையில் சூடுபிடிப்பது போர் தொடங்கிய பிறகு. சுமார் 25 லட்சம் மக்கள், அதில் ஐந்தில் ஒரு பங்கு அடிமைகள். எதிரே உலகின் மிக வலிமையான கடற்படை. மாநாட்டுக்கோ மக்கள்மீது வரி போட அதிகாரமே இல்லை. வரியை எதிர்த்து எழுந்தவர்கள், தொலைவிலுள்ள இன்னொரு சபையிடம் அந்த அதிகாரத்தைக் கொடுக்க விரும்பவில்லை. எனவே காகித நோட்டு அச்சடித்தார்கள். அச்சடிக்க அச்சடிக்க மதிப்பு கரைந்து, 1781இல் அந்த நோட்டைச் சீந்துவாரில்லை.

இந்தப் பின்னணியில் ட்ரென்டனைப் படியுங்கள். 1776 ஜூலை 4இல் விடுதலைப் பிரகடனம், ஆகஸ்டில் லாங் தீவில் படுதோல்வி, நியூயார்க் பறிபோயிற்று. டிசம்பர் கடைசியில் அமெரிக்கப் படைத் தலைவர் வாஷிங்டனிடம் எஞ்சியிருந்தது சில ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலானோரின் ஒப்பந்தம் 31ஆம் தேதியோடு முடிகிறது. 1ஆம் தேதி மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். 25ஆம் தேதி இரவு, பனிக்கட்டிகள் மிதந்த டெலாவேர் ஆற்றைப் படகுகளில் கடந்து, மறுநாள் காலை ட்ரென்டனில் பிரிட்டனுக்காக நின்ற ஹெஸ்ஸிய (ஜெர்மானிய) கூலிப்படையைத் தாக்கி ஏறக்குறைய 900 பேரைச் சிறைபிடித்தார்கள். புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கடுத்த நாட்கள். இன்னும் ஆறு வாரம் இருந்தால் ஆளுக்குப் பத்து டாலர் என்று வாஷிங்டன் கேட்டார். கையில் பணம் இல்லை. பிலடெல்பியாவில் இருந்த வணிகர் ராபர்ட் மோரிஸுக்குக் கடிதம் எழுத, அவர் நாணயங்களைத் திரட்டி அனுப்பிவைத்தார். படை கலையாமல் நின்றது. வாஷிங்டன் வென்ற சண்டைகளைவிடத் தோற்றவை அதிகம். படையைக் கலையவிடாமல் வைத்திருந்ததே அவருடைய வெற்றி. இந்த வாக்கியத்தை நான் என் விடைகளில் தவறாமல் எழுதினேன்.

அடுத்த பணப்பை பிரான்ஸ். 1778இல் உடன்படிக்கை என்று மட்டும் படித்திருப்போம். அதற்கு முன்பே, 1776இலிருந்தே, நாடக ஆசிரியர் போமார்ஷே நடத்திய ஒரு போலி வணிக நிறுவனத்தின் வழியாகத் துப்பாக்கியும் வெடிமருந்தும் ரகசியமாக அமெரிக்காவுக்குப் போயின. 1777 அக்டோபர் 17இல் சரடோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்கோய்ன் தன் முழுப் படையோடு சரணடைந்தார். அவர் கனடாவிலிருந்து தெற்கே இறங்கிக்கொண்டிருந்தபோது, இன்னொரு தளபதி ஹோ அவரைச் சந்திக்க வடக்கே போகாமல் பிலடெல்பியாவைப் பிடிக்கப் போயிருந்தார். உத்தரவு லண்டனிலிருந்து கடல் கடந்து வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். இந்தத் தொலைவையும் செலவுக் கணக்கில் சேருங்கள். பிரிட்டிஷ் படை உணவுப்பொருளில் பெரும்பகுதியை அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுவர வேண்டியிருந்தது.

பாரிஸில் அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளின் காத்திருந்தது சரடோகா போன்ற ஒரு செய்திக்காகத்தான். 1778 பிப்ரவரி 6இல் கூட்டணி கையெழுத்தானது. ஸ்பெயின் 1779இல் சேர்ந்தது, 1780 முடிவதற்குள் டச்சுக்காரர்களோடும் போர் மூண்டது. பிரிட்டனுக்கு இது உலகப் போராக விரிந்துவிட்டது.

தெற்கில் 1780இல் சார்ல்ஸ்டன் வீழ்ந்து 5,000க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். பிறகு வந்த அமெரிக்கத் தளபதி கிரீன் ஒரு பெரிய சண்டையிலும் நேரடியாக வெல்லவில்லை. ஆனால் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸைக் கரையிலிருந்து தள்ளித் தள்ளி உள்நாட்டுக்குள் இழுத்துக் களைக்கவைத்தார். 1781 மார்ச்சில் கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸில் காரன்வாலிஸ் வென்றார். படையில் கால்வாசியை இழந்தார்.

காரன்வாலிஸ் பிறகு முகாமிட்ட வர்ஜீனியாவின் யார்க்டவுனுக்கு வாஷிங்டன் வந்தபோதும் அக்காவின் கேள்வி கூடவே வந்தது. 1781 ஜனவரியில் பென்சில்வேனியப் படைப்பிரிவு சம்பளம் கேட்டுக் கலகம் செய்திருந்தது. செப்டம்பரில் தெற்கு நோக்கி நடந்த வீரர்கள் முணுமுணுத்தார்கள். பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போ தன் கஜானாவிலிருந்து கடன் கொடுக்க, ஒரு மாதச் சம்பளம் வெள்ளி நாணயமாகவே வழங்கப்பட்டது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸ் ஹவானாவில் திரட்டிய பணத்தோடு வந்துகொண்டிருந்தார். செப்டம்பர் 5இல் செசபீக் விரிகுடா முகத்தில் அவருடைய 24 போர்க்கப்பல்கள் பிரிட்டனின் 19 கப்பல்களைத் தடுத்து நிறுத்தின. கடல் வழி அடைபட்டது. அக்டோபர் 19இல் காரன்வாலிஸின் படை, 7,000க்கு மேற்பட்டோர், ஆயுதங்களைக் கீழே வைத்தது. அதன் பிறகும் நியூயார்க்கும் சார்ல்ஸ்டனும் பிரிட்டன் வசமே இருந்தன. போரை நிறுத்தியது நாடாளுமன்றம். இனியும் இதற்குச் செலவிடுவதில்லை என்ற மனநிலையில் 1782 பிப்ரவரியில் தாக்குதல் போருக்கு எதிராக வாக்களித்தார்கள். மார்ச்சில் பிரதமர் நார்த் பதவி விலகினார்.

விலை என்றால் பணம் மட்டும் இல்லை. கிளர்ச்சியாளர்களிடமிருந்து தப்பி வந்து பிரிட்டிஷ் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று 1775இல் வர்ஜீனியாவில் அறிவித்தது பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர். ‘எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்று எழுதிய ஜெபர்சனிடம் அடிமைகள் இருந்தார்கள். பூர்வகுடிகளின் நிலத்தை அவர்களைக் கேட்காமலே, போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கை கைமாற்றியது. இந்த மூன்று செய்திகளும் இல்லாத விடை எனக்கு முழுமையானதாகத் தோன்றவில்லை.

இந்திய வரலாற்றோடு இணைக்க இடம் தேடுகிறவர்கள் காரன்வாலிஸ் பின்னர் இங்கே தலைமை ஆளுநராக வந்ததை எழுதுவார்கள். அதைவிட நெருக்கமான இணைப்பு நம் கடற்கரையிலேயே இருக்கிறது. பிரான்ஸ் போரில் இறங்கியதும் 1778இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள், அடுத்த ஆண்டு மாஹேயையும். தனக்குத் தளவாடங்கள் வந்த மாஹே போனதில் சினந்த ஹைதர் அலி 1780இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் (இன்றைய தமிழ்நாட்டுப் பக்கம்) இறங்கினார். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் 1782இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் கடற்பரப்பில் மோதினார்கள். கடைசி மோதல் 1783 ஜூன் 20, கடலூருக்கு அருகே. இரு நாடுகளும் முதற்கட்ட அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. செய்தி இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தது.

படித்த முறையைப் பற்றி இரண்டு வார்த்தை. சுவரில் இருந்த சட்ட அட்டைகளைக் கழற்றிவிட்டு, அமெரிக்கக் கிழக்குக் கரையைக் கையால் வரைந்து ஒட்டினேன். பாஸ்டன், நியூயார்க், ட்ரென்டன், பிலடெல்பியா, சரடோகா, சார்ல்ஸ்டன், யார்க்டவுன் என்று ஏழு புள்ளிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தச் சமயத்தில் செலவை யார் ஏற்றார் என்று ஒரே ஒரு சொல். பார்க்காமல் இரண்டு நிமிடத்தில் வரைய வரும்வரை பழகினேன். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே எழுதிய அடுத்த மாதிரி விடையில் சட்டங்களுக்கு ஒரு பத்திதான் போயிற்று.

பாரிஸ் உடன்படிக்கை 1783 செப்டம்பர் 3. அங்கே புத்தகத்தை மூடிவிடாதீர்கள். இந்தப் போருக்காகப் பிரான்ஸ் செலவிட்டது நூறு கோடி லிவருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) மேல், பெரும்பாலும் கடன். அந்தக் கடனைச் சமாளிக்க வழி தெரியாமல்தான் பதினாறாம் லூயி 1789 மே மாதம் வெர்சாயில் மூன்று வகுப்பாரின் சபையைக் கூட்டினார். அடுத்த பாடத்தை அந்தக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.