வியாழக்கிழமை வேதபாடம்

மே 8, வியாழன்

இன்றைக்கு நாற்பது நிமிஷம் நானே பேசித் தீர்த்தேன். வேலூர் சத்துவாச்சாரியில் அக்கா வீட்டு மாடி அறை, பதினோரு பேர், ஒரே ஒரு ஃபேன், அக்னி நட்சத்திர வெக்கை. பாடம் மத்தேயு 20, திராட்சத்தோட்டத்துக் கூலியாட்கள்: காலையிலேயே வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிற, இயேசு சொன்ன உவமை. முடிவில் "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஆசீர்வாதமா இருந்தது தம்பி" என்று டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். மனசே சரியில்லை. அடுத்த வாரமும் இதே பாடம்தான் என்று சொல்லிவிட்டேன்.

மே 10, சனி

பின் தெரு ஆயா வீட்டு வழியாகப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, மடியில் முறம், இலையில் தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி, பேசிக்கொண்டே ஒரு பீடியை முடித்துப் போட்டார். கண்ணாடி போடவில்லை.

வேதபாடத்தில் ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்கச் சொல்வோம். ஆயா முறை வரும்போதெல்லாம் "கண்ணாடி எட்தாரல நைனா" என்பார். போன மாதம் இரண்டு வாரம் வரவே இல்லை. எனக்கு இப்போதுதான் உறைத்தது. இனி அப்படிச் சுற்றி வாசிப்பது கிடையாது, நானே நிதானமாக இரண்டு தடவை வாசிக்கிறேன்.

கேள்விகளையும் அடித்துவிட்டேன். "எஜமான் எத்தனை முறை ஆள் கூப்பிடப் போனான்?" ஐந்து முறை, அவ்வளவுதான், அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? பதினோராம் மணி என்றால் நம்ம சாயங்காலம் ஐந்து மணி என்பதை மட்டும் சொல்லிவிட்டு, ஒரே கேள்வி வைத்திருக்கிறேன்: அஞ்சு மணி வரை அங்கேயே நின்றவன் மனசில் என்ன ஓடியிருக்கும்?

மே 15, வியாழன்

கேட்டேன். அமைதி. வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டு வாட்சைப் பார்த்தேன், அரை நிமிஷம் ஒரு யுகம் மாதிரி போனது. அப்புறம் கொத்தனார் அண்ணன், "வீட்டுக்கு வெறுங்கையோட எப்டி போறதுன்னுதான் ஓடும்" என்றார். ரிட்டயர்டான மாமா ஒருவர் ஒத்துக்கொள்ளவே இல்லை: "காலையிலேர்ந்து வெயில்ல நின்னவனுக்கும் ஒரு பணம், இவனுக்கும் ஒரு பணம், இது எந்த ஊர் நியாயம்?"

கதவோரத்திலிருந்து ஆயா: "அவன் ஒரு மணி நேரம் வேல செஞ்சான்னு வூட்ல புள்ளைங்க கம்மியாவா துன்னும்?"

அதற்கப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, நான் ஒரு இடத்தில் மட்டும்தான் நுழைந்தேன். இந்த உவமைக்குச் சற்று முன்னால், 19:27-ல், எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று சீடர் பேதுரு இயேசுவிடம் கேட்கிறார், அதையும் சேர்த்துப் பாருங்கள் என்றேன். மாமா அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. போகும்போது, "இன்னும் எனக்கு ஒப்பல தம்பி, ஆனா 'வன்கண்ணன்'ங்கிற வார்த்தை குத்துது" என்றார். அடுத்தவனுக்குக் கிடைத்ததைப் பார்த்துப் பொறாமையில் முணுமுணுத்தவனிடம் எஜமான் சொல்லும் வார்த்தை அது. சமாதானம் எதுவும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

மே 21, புதன்

நாளைக்கு லூக்கா 15: சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனுக்கு அப்பா விருந்து வைக்க, மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும் உவமை. மூத்த மகன் கடைசியில் வீட்டுக்குள் போனானா என்று இயேசு சொல்லவே இல்லை, அங்கேயே கேள்வி இருக்கிறது. மாமாவும் ஆயாவும் எதிரெதிரே உட்காரட்டும். மாடிப்படி ஆயா முட்டிக்கு ஆகாது, கீழ் வராண்டாவில் பாய் போடலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.