பதின்மூன்றாவது ஃபாரம்

"அப்படியென்றால் கல்யாணத்தோடு முடித்துவிடலாமா அக்கா?" என்று கேட்டாள். "முடித்துவிடலாம் கண்ணு" என்றேன். "சரிங்க அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

அவள் எழுதிய இளையோர் நாவல் அது, பதிப்பகத்தில் அதைச் செப்பனிட்டவள் நான். பவானியில் ஜமுக்காளம் நெய்கிற வீட்டுப் பெண்ணின் காதல். ஊடே ஜூடித் லைஸ்டரின் கதை. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தில் 1633இல் ஓவியர் சங்கத்தில் இடம்பிடித்தவர் லைஸ்டர். பெயரெழுத்தோடு ஒரு நட்சத்திரமும் போட்டுத்தான் கையெழுத்திடுவார். அப்படியும் அவர் படம் ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற ஆண் ஓவியர் வரைந்ததாக விலைபோனது. 1893இல்தான் குட்டு வெளிப்பட்டது. 1636இல் இன்னோர் ஓவியரை மணந்தார். அதன்பின் அவர் வரைந்ததாகக் கிடைப்பவை மிகச் சில. அந்தச் சிலவற்றைப் பற்றியதுதான் கடைசி அத்தியாயம். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைமாட்டிலும் நீலப் பேனாவால் குட்டி நட்சத்திரம் வரைந்து கொடுத்திருந்தாள்.

அந்த அத்தியாயம் 14 பக்கம். அச்சகத்தில் 16 பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். சேர்த்தால் 206, 13 ஃபாரம் ஓட்ட வேண்டும். எடுத்துவிட்டால் 192, கச்சிதமாக 12. காகிதம் விற்கிற விலையில் முதலாளியிடம் 13 என்று போய் நிற்க முடியாது.

ஆனால் இந்தக் கணக்கை நான் அவளிடம் சொல்லவில்லை. "கல்யாணத்துக்குப் பிறகு கதை சோர்கிறது" என்றேன். பொய்யில்லை, சோரத்தான் செய்தது. கணக்கைச் சொல்லியிருந்தால் பஸ் நிலையத்தில் காதலர்கள் பேசிக்கொண்டே நிற்கும் பக்கங்களைக் குறைத்துக் கொடுத்திருப்பாள். அங்கே தாராளமாக 14 பக்கம் தேறும். அவை விற்கும் என்று நான்தான் தொடவில்லை.

எங்கள் பக்கத்தில் 'சரிங்க' என்றால் சம்மதம் என்று மட்டும் பொருளில்லை. இனி உங்களிடம் பேசிப் பயனில்லை என்பதற்கும் அதே சொல்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது கேட்காமலா போயிருக்கும்? ஒருவேளை நிஜமாகவே ஒப்புக்கொண்டாளோ என்னவோ. முதல் புத்தகம், எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற வயது.

புத்தகம் நன்றாகவே போகிறது. ஆக, நான் செய்தது சரிதான் என்று வாரத்தில் நான்கு நாள் தோன்றும்.

ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஒரு பள்ளிக்கூடப் பெண் கையெழுத்து வாங்க வந்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க என்ன வரைந்தாங்க?" என்று கேட்டாள். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"1643இல் ஒரு டியூலிப் பூ வரைந்தார்" என்றாள் இவள், என் பக்கம் திரும்பாமல்.