அச்சு: ஒரு சொல், பல பட்டறைகள்

அக்டோபர் 20, 2024

தீபாவளிக்கு 11 நாள் இருக்கிறது. பரணிலிருந்து முறுக்கு அச்சு இறங்கும் நேரம். இந்தக் குறிப்புகளை அதிலிருந்தே தொடங்குவோம்.

ஊருக்கு ஊர் இதற்குப் பெயர் வேறு. சில வீடுகளில் நாழி, சில வீடுகளில் உழக்கு. இரண்டும் தானியம் அளக்கும் படிகளின் பெயர்கள், உருளை வடிவம் ஒத்துப்போனதால் ஒட்டிக்கொண்டவை. யாழ்ப்பாணத்தில் இடியப்பத்துக்கு உரல். உண்மையில் அச்சு என்றால் அடியில் போடும் துளை வில்லை மட்டும்தான். "ஓமப்பொடி அச்சைப் போடு", "ரிப்பன் அச்சை எடு" என்று வில்லையைத்தான் சொன்னார்கள். மாவுக்கு உருவம் தருவது அதுதான் என்பதால், முழுக்கருவிக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தேன்குழலுக்கு 4 பங்கு அரிசி மாவு, 1 பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு. அச்சில் போடும் மாவை உருளையாக உருட்டி, இடைவெளி இல்லாமல் இறக்க வேண்டும். கிள்ளிக் கிள்ளிப் போட்டால் நடுவில் காற்று தங்கும். பிழியும்போது இழை அறும், எண்ணெயில் வெடிக்கவும் செய்யும். ஓமப்பொடிக்கு ஓமத்தை அரைத்து, வடிகட்டிய தண்ணீரை மட்டும் சேர்க்க வேண்டும். முழு ஓமம் ஒன்று போதும், துளை அடைத்துக்கொள்ளும். அடைத்ததைத் தெரியாமல் அழுத்தினால் மாவு மேல்பக்கமாகப் பிதுங்கி ஏறும்.

அக்டோபர் 23, 2024

மாவு மேலே ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அழுத்தும் தட்டு தேய்ந்து, சுவருக்கும் அதற்கும் இடைவெளி விழுந்திருக்கும். மாவைக் கெட்டியாக்கிப் பயனில்லை, கைதான் நோகும். தட்டை மாற்றுவதே வழி.

நவம்பர் 9, 2024

தறியில் அச்சு என்றால் சீப்புப் போன்ற ஒரு சட்டம். முன்பு நாணலிலோ மூங்கிலிலோ சிம்பு சீவிக் கட்டினார்கள். இப்போது எஃகுப் பல். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைச் சம இடைவெளியில் பிரித்து வைப்பதும், குறுக்கே ஓடும் ஊடை நூலை அடித்து நெருக்குவதும் இதன் வேலை. முறுக்கு வில்லைக்குத் துளை எப்படியோ, துணிக்கு இந்தப் பல்லிடுக்கு அப்படி. நெருக்கமா, சல்லடையா என்பது இங்கே முடிவாகிவிடுகிறது.

அச்சு நம்பரை நெசவு தெரியாதவர்கள் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். 80ஆம் நம்பர் அச்சு என்றால் ஓர் அங்குலத்துக்கு 80 பல் அல்ல. 2 அங்குலத்துக்கு 80 பல்லிடுக்கு, ஒவ்வொன்றிலும் 2 இழை. ஆக அங்குலத்துக்கு 80 இழை வரும். அச்சில் 50 அங்குல அகலம் பிடித்தால் பாவுக்கு 4,000 இழை. தறியிலிருந்து இறங்கும் துணி 50 அங்குலம் இருக்காது, ஊடை இழுத்துப் பிடிப்பதால் அகலம் சற்றுக் குறையும். அந்தக் குறைவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே அச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இழை முதலில் விழுதில் (பாவு இழைகளை மேலும் கீழும் பிரிக்கும் கண்ணிகளில்) புகுந்து, பிறகு அச்சில் வரும். ஓர் இடுக்கு காலியாக விடுபட்டால் துணியின் நீளம் முழுக்க வெளிச்சக் கோடு. ஒன்றில் 3 இழை புகுந்தால் தடித்த கோடு. பாதி நெய்த பிறகு கண்டுபிடித்தால் ஒரு பக்கத்து இழைகளையெல்லாம் இடுக்கு மாற்றிக் கோத்தாக வேண்டும். எனவே முதல் நான்கைந்து அங்குலம் நெய்ததும் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது கட்டாயம். ஒரே இடத்தில் இழை திரும்பத் திரும்ப அறுகிறதா? நூலைக் குறை சொல்லும் முன் அந்தப் பல்லை விரலால் தடவுங்கள். துரு ஏறியோ பிசிர் விட்டோ இருக்கும்.

பாவு தீர்ந்ததும் பழைய இழைகளை அச்சிலிருந்து உருவிவிடக் கூடாது. அவற்றின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்தால், 4,000 இழைகளையும் மறுபடி கோக்கும் வேலை இராது.

நவம்பர் 24, 2024

வண்டி அச்சு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அது வடமொழி அக்ஷம் தமிழில் அச்சாகியது. ஒலியில் மட்டும் ஒன்று. ஆனாலும் பழைய வரவு. "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" (மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும்) என்று குறளிலேயே இருக்கிறது.

மாட்டுவண்டியில் அச்சு சுழலாது, சக்கரத்தின் நடுவிலுள்ள குடம்தான் அதன்மேல் சுழலும். சக்கரம் கழன்றுவிடாமல் தடுப்பது கடையாணி. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மசைதான் பழைய மசகு. பழையதைத் துடைக்காமல் புது மசை போடுவது பெரிய தவறு: உள்ளே புகுந்த மணல் அரம்போல் அராவும், குடத்தின் துளை முட்டை வடிவாகும், சக்கரம் ஆடத் தொடங்கும்.

டிசம்பர் 8, 2024

அச்சகம். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சானது. தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதம் நிறையத் தின்றன. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு வந்தது.

எழுத்து வார்க்க ஈயம் மட்டும் போதாது. கடினத்துக்கு ஆன்டிமனி, வார்ப்பு நன்றாக ஓடத் தகரம். எல்லா எழுத்தும் 0.918 அங்குல உயரம் இருக்க வேண்டும். தேய்ந்த எழுத்து மங்கலாக விழும். அந்த இடத்துக்கு நேராகப் பின்பக்கம் மெல்லிய தாள் ஒட்டி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 வடிவங்கள் தனி உருவில் இருந்தன. பிறகு கால் (ா), சங்கிலி (ை) குறிகளைச் சேர்த்தே கோக்க முடிந்தது. கண்ணுக்குப் பழகிய உருவத்தை மாற்றியதாக வருந்தியவர்கள் உண்டு. ஆனால் அச்சுக் கோப்பவருக்கு அது பெரிய விடுதலை.

கல்வெட்டுகளில் அச்சு என்று ஒரு காசும் வருகிறது. குத்தி எடுத்த உருவம் என்ற பொருள் அங்கேயும் பொருந்தும்.

டிசம்பர் 19, 2024

கிறிஸ்துமஸுக்குப் பூ வடிவ அச்சு முறுக்கு. இங்கே மாவு அச்சுக்குள் போவதில்லை, அச்சுதான் மாவுக்குள் போகிறது. 2 கப் அரிசி மாவு, ஒன்றரை கப் கெட்டித் தேங்காய்ப்பால், அரை கப் சர்க்கரை, 1 முட்டை, எள், உப்பு. புது அச்சை ஓர் இரவு கஞ்சித் தண்ணீரில் போட்டு, மறுநாள் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். எண்ணெயிலேயே அச்சை நன்றாகக் காயவிட்டு, உதறி, முக்கால் உயரம் மட்டும் தோயுங்கள். மாவு மேல் விளிம்பைத் தாண்டினால் பூட்டிக்கொள்ளும், பூ உடையாமல் கழலாது. அச்சு சூடு போதாவிட்டால் மாவு பிடிக்காது. மிதமிஞ்சிக் காய்ந்தால் சுர்ரென்று பொரிந்து மாவிலேயே உதிரும். அரிசி மாவு அடியில் தங்கும், அடிக்கடி கலக்குங்கள்.

ஜனவரி 8, 2025

பொங்கலுக்கு முன் அச்சு வெல்லம். கொப்பரையில் பாகு 118 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வர வேண்டும். பதம் குறைந்த வெல்லம் மழை ஈரத்தில் கசியும். கூடினால் கருகல் கசப்பு. தெளிவுக்குச் சேர்க்கும் சுண்ணாம்பு மிகுந்தாலும் நிறம் கறுக்கும். குழி வெட்டிய மரப்பலகைதான் அச்சு. பாகு ஊற்றும் முன் அதை நனைத்தாக வேண்டும், உலர்ந்த மரத்தில் ஒட்டினால் வெல்லம் மூலை உடைந்துதான் வரும்.

தெற்கே கருப்பட்டிக்குத் தேங்காய்ச் சிரட்டையே அச்சு. யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியை ஓலைக் குட்டானில் வார்ப்பார்கள். அதைக் கழற்றுவதே இல்லை, குட்டானோடுதான் விற்கிறார்கள்.