ரேக்கை மாற்றச் சொன்னார்கள்

எங்கள் சின்னக் காரில் ஸ்டீயரிங் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே வந்தது. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை, நாம்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டும். கூடவே பள்ளத்தில் இறங்கினால் இடது முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக்கிச் சக்கரங்களைத் திருப்பும் பாகம்) போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்றார்கள். ரேக் விலை கூடிய பாகம். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் சொன்னதை ஏற்க மனம் வரவில்லை.

செலவில்லாததை முதலில் பார்த்தேன். டயரில் காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். அது சரியாக இருந்தது. எங்களுடையது எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். சாவியைத் திருப்பியதும் அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைந்தது. ஆயிலில் ஓடும் வகையாக இருந்தால் ஆயில் அளவையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் வண்டி வேலை தெரிந்த நண்பரைக் கூப்பிட்டேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினோம். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே தலையை நீட்டக் கூடாது. சக்கரம் தரையில் படாத நிலையிலும் ஸ்டீயரிங் ஓரிடத்தில் இறுகி, விட்டுவிட்டு நகர்ந்தது. அப்படியானால் குறை காற்றில் இல்லை, எங்கோ ஒரு இணைப்பு பிடிக்கிறது.

எங்கே என்று காட்டிக்கொடுத்தது அடுத்த படிதான். ரேக்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராட் எண்டை, இரண்டு பக்கமும் நக்கிளிலிருந்து (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) கழற்றிவிட்டோம். இப்போது ரேக் தனி, சக்கரம் தனி. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் எங்கும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ரேக்கின் மேல் குற்றமே இல்லை! வலது சக்கரமும் கையால் தள்ள எளிதாகத் திரும்பியது. இடதுதான் முரண்டு பிடித்தது.

எங்கள் காரின் முன்பக்கம் ஸ்ட்ரட் வகை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தது. இந்த வகை சஸ்பென்ஷனில் சக்கரம் திரும்புவது இரண்டு இடங்களில்தான்: கீழே பால் ஜாயிண்ட் (குண்டும் கிண்ணமுமான இணைப்பு), மேலே ஸ்ட்ரட் வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் உள்ள ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். நண்பர் சக்கரத்தைத் திருப்ப, காயில் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன் (சுருளுக்குள் விரலை விட்டால் விரல் போய்விடும்). ஸ்பிரிங் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் முறுக்கிக்கொண்டே நின்று, திடீரென்று ‘டங்’ என்று துள்ளியது. மேல் பேரிங் துருவேறி இறுகிவிட்டிருக்கிறது. ஸ்டீயரிங் நேருக்கு வர மறுத்ததும் அதனால்தான்.

சத்தத்தின் கதை வேறு. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டம் இருந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆட்டியபோதும் அது போகவில்லை. போயிருந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகப்பட்டிருப்போம். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மைக் கம்பியால் நெம்பியதும் பால் ஜாயிண்ட் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் எல்லாம் வெளியேறியிருந்தது. பால் ஜாயிண்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும், ஆகவே வண்டியை அதற்குமேல் ஓட்டவில்லை.

வேறொரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தோம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து, அதனால் அதை அவரிடமே விட்டேன். மவுண்ட் பேரிங்கை இரண்டு பக்கமும் மாற்றினார். பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வருவதால் இடது லோயர் ஆர்மும் புதிது. அதன் புஷ் (ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்து ரப்பர்) போல்ட்டைக் கடைசியாக முறுக்கியது வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான். தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பலர் இதைக் கண்டுகொள்வதில்லை.

பிறகு வீல் அலைன்மென்ட். இப்போது வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராகிறது. கரடுமுரடான சாலையில் வலது பக்கம் சின்னதாக ஒரு தட்டல் மட்டும் பாக்கி. அது ஸ்டெபிலைசர் லிங்க் ராட் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியோடு சேரும் சின்னத் தண்டு), மலிவான பாகம். அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.