மழையில் மலை ஏறினால் பில் யாருக்கு?

நேற்று மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை ஒரே வாக்குவாதம். இடி மழை எச்சரிக்கை வந்த பிறகும் கோலாலம்பூர் பக்கத்து புக்கிட் தாபோர் மலையில் ஏறி மாட்டிக்கொள்கிறவர்கள், மீட்புச் செலவைத் தாங்களே கட்ட வேண்டுமா? "கட்டட்டும்டா, நம்ம வரிப்பணம்" என்றான் நண்பன்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தாபோர் குவார்ட்ஸ் பாறை முகடு. நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். அங்கே இருட்டில் கயிறு கட்டி இறங்கும் போம்பாக்காரர்களை, அதாவது தீயணைப்பு மீட்புப் படையினரை, நினைத்தால் எனக்கும் கோபம் வரும்தான். ஆனால் பில்லுக்குப் பயந்து 999-ஐ அழைக்க இரண்டு மணி நேரம் தயங்கினால்? மாலையில் இறக்க வேண்டியவரை நள்ளிரவில் தேட வேண்டியிருக்கும். மீட்கப் போகிறவருக்கும் ஆபத்து கூடும்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் வேறு கணக்கு. அலட்சியமாக நடந்தவரிடம் செலவை வசூலிக்கச் சட்டமே இருக்கிறது. மலையேறிகளுக்கான 25 டாலர் அட்டையை முன்கூட்டியே வாங்கியிருந்தால் சாதாரண அலட்சியத்துக்குக் கேட்க மாட்டார்கள்; தெரிந்தே வம்பை விலைக்கு வாங்கினால் அட்டையும் காப்பாற்றாது. எனக்கு இது பிடித்திருக்கிறது. மூடிய பாதையில் அத்துமீறி நுழைந்தவருக்கு அபராதம் போடுங்கள், சரி. கால் சுளுக்கியவரை விட்டுவிடுங்கள்.

இதைச் சொன்னதும் நண்பன் கேட்டான்: "போன வருஷம் டார்ச்லைட் இல்லாம ஏறுனது யாரு?"

தே தாரிக் பில்லை நான்தான் கட்டினேன்.