எத்தனை தலையணை?

ஆஸ்பத்திரியின் மருத்துவ விடுதியில், அதாவது வார்டில், எட்டு வாரம். முதல் கிளினிக்கல் பயிற்சி முடிந்து நேற்று மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு, எங்கள் ஊருக்கு வந்தேன். வெருகல், மூதூர் கடந்து பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் கீழே வள்ளங்கள் தெரிந்தன. 2009இல் இந்தப் பாலம் திறப்பதற்கு முன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்துநின்றது மங்கலாக நினைவிருக்கிறது. ஆனால் நேற்று வள்ளங்களைக் கண்டதும் நினைவுக்கு வந்தவர், விடுதியில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த மீன்பிடிக்கார ஐயாதான்.

இதயம் தளர்ந்திருக்கலாம் என்று சந்தேகித்தால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று பாடநூலில் உண்டு: இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? படுத்தவுடன் காலில் தேங்கிய இரத்தம் நெஞ்சுப் பக்கம் திரும்பும். தளர்ந்த இதயத்தால் அதைத் தள்ள முடியாது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ஆகவே தலையணை ஏறிக்கொண்டே போகும். இதையெல்லாம் கரைத்துக் குடித்திருந்த நான் கேட்டேன்.

"தலையணையே இல்லைப் பிள்ளை" என்றார்.

படுக்கும்போது மூச்சுமுட்டல் இல்லை என்று அழகான கையெழுத்தில் எழுதிவைத்தேன்.

மறுநாள் காலை வைத்திய நிபுணர் அதைப் படித்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. "ராத்திரி எப்படி நித்திரை கொண்டீர்கள், ஐயா?" என்று அவரிடம் கேட்டார்.

"சுவரில் சாய்ந்துதான் சேர். படுத்து இரண்டு மாதம்."

ஐயாவின் காலை அழுத்திப் பார்க்கும்படி நிபுணர் எனக்குச் சொன்னார். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது பெருவிரலை ஊன்றி எடுத்தேன். குழைத்த ரொட்டி மாவில் பதிந்தது போல் குழி. நகத்தின் வளைவுகூடத் தெரிந்தது. அது மெல்ல மெல்ல நிரம்புவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்; மற்றவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

நீர் போக்கும் மருந்தில் நாளுக்கு நாள் எடை குறைந்தது, குழியும் குறைந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னபோது உடனே தலையாட்டினார். கருவாடு? "அதற்கு நாங்கள் உப்புப் போடுவதில்லையே பிள்ளை, அதிலேயே இருக்கிறது" என்றார்.

அன்றிலிருந்து கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நோயாளிகளின் சொற்களைச் சேர்த்துவருகிறேன்: நெஞ்சு முட்டு, ஓங்காளம், நாரிப்பிடிப்பு, கால் உளைவு. பயிற்சி முடிவில் பரீட்சையும் நடந்தது. பாஸ். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

எங்கள் ஒழுங்கை முனையில் வழக்கம்போல் இரண்டு மான்கள் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன. வீட்டு விறாந்தையில் அம்மம்மா சாய்மனைக் கதிரையில் நித்திரை. இப்போதெல்லாம் இரவிலும் அங்கேதான் என்றார் அம்மா. எனக்குப் பகீரென்றது. எழுப்பிக் கேட்டேன்.

"கட்டிலில் படுத்தால் என்ன செய்கிறது, அம்மம்மா?"

"காற்று வராது. இங்கே கடற்காற்று."

நம்பாமல் காலைப் பிடித்து அழுத்தினேன். குழி விழவில்லை. இன்னொரு தடவையும் அழுத்தினேன்.

"நல்ல சுகமாக இருக்கிறது" என்று கண்ணை மூடினார் அம்மம்மா. "மற்றக் காலையும் பிடித்துவிடு."