1 அடிக்கு 12 அடி

கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கும் எங்கள் அக்காவுக்குச் சக்கர நாற்காலிதான் கால். கரண்ட் மிஷின் பெடலை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தியே ஓட்டுவார். ரவிக்கை தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் போன வாரம் ஒரு அலுவலக வாசலைத் தாண்ட முடியவில்லை. படிக்குப் பதிலாகச் சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை, அதாவது சாய்தளம் இருக்கிறது, ஆனால் ஏணி மாதிரி செங்குத்தாக! 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது, விதிகள் 2017-ல். பழைய பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகளும் நுழையும்படி மாற்றக் கொடுத்த 5 வருஷக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது.

பக்கத்து மளிகைக் கடை அண்ணன் யாரும் கேட்காமலே நீளமாகச் சிமெண்ட் சாய்தளம் போட்டுவிட்டார். இப்போது அரிசியை அக்காவே கையில் அள்ளிப் பார்த்துத்தான் வாங்குகிறார். அப்புறம், கடை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே உங்கள் வாசல்படியை டேப் வைத்து அளந்து பாருங்கள்.